பொறியின் நிலையும் பணியின் நிலையும்

காஞ்சி மாநகரின் மேற்புறத்தே, கயிலாசநாதர் கோயிலை அடுத்துக் கிடப்பது பிள்ளையார்பாளையம். விடியற்காலையில் அத்தெருக்களின் வழியே செல்வார்க்கு வீடுகளின் உள்ளிருந்து குழித்தறிகளின் ஓசை கேட்கும். சில நாட்களில் தெருவின் நீளமெல்லாம் பட்டுப் பாவினை நீட்டி, அறுந்த இழைகளை முடிந்து திருத்துவோரையும் காணலாம். சென்ற மே மாத விடுமுறையில் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் இல்லத்தில், அவ்வூரிலே, யாம் மூன்று வாரம் தங்கியிருந்தோம். தறி காண்பதற்காகத் தங்கினோம் அல்லோம். நம் கல்லூரி இதழின் பழைய தொகுதிகளை எழுத்தெழுத்தாகப் படித்துத் தரும்படி ஒரு கணிப்பொறியைப் பழக்குவதே எம் நோக்கம். அம்முயற்சியில் யாம் இழந்தது எவ்வளவு என்பதும், இழந்து கற்றது யாது என்பதும் ஈண்டு எழுதப்படுகின்றன. இத்தொழிலை முன்னரே அறிந்த கணிப்பொறித் துறை நண்பர்கள் நகைப்பின் நகைக்க. அறியாத தமிழ் மாணவர்க்கு இஃது உதவும் என்று கருதுகின்றோம்.

முதற்கண் காரியத்தைச் சொல்வோம். நம் நூலகத்தின் மேல்மாடத்தில் உள்ள பழந்தொகுதிகளின் தமிழ்ப் பகுதி பூச்சிக்கு இரையாகி வருகின்றது. தோழரும் யாமும் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு பக்கங்களைப் படம் பிடித்தோம். படம் எடுத்தால் மட்டும் போதாது. அதனுள் உள்ள சொற்களைத் தேடிக் காண இயலவேண்டும். படத்தினின்றும் எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்களுள் டெசராக்ட் என்பது விலையின்றிக் கிடைப்பது. 1980களில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தில் தோன்றி, 2005இல் யாவர்க்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டது. அது தமிழும் அறியும். ஆயினும் அஃது அறிந்த தமிழ் பெரும்பாலும் இக்காலத் தமிழ். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிடுவதற்கு முன்பு ணை, லை, ளை, னை என்பவை தலைமேல் தும்பிக்கை போன்ற வளைவுடனும், ணா, றா, னா என்பவை காலொடு பிணைந்த சுழியுடனும் அச்சாயின. நம் பழந்தொகுதிகள் முழுமையும் அவ்வெழுத்தே. மென்பொருள் அவற்றைக் கண்டு மருண்டது. ஆகவே பழைய எழுத்துக்களைக் காட்டி அதற்குப் புதிதாகப் பாடம் கற்பிக்க வேண்டியதாயிற்று. அப்பாடம் எம்மிடம் இருந்த சிறு மடிக்கணினியில் முடிவதன்று. அதனால் ஒரு நிறுவனத்திடம் பதினாறு கருக்கள் கொண்ட மெய்நிகர்ப் பொறி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்.

மெய்நிகர்ப் பொறி என்பது யாதெனின், எங்கோ ஒரு பெருங்கூடத்தில் நிற்கும் பெரிய கணிப்பொறியின் ஒரு கூறு, தனிப்பொறிபோல் நமக்கு ஒதுக்கித் தரப்படுவது. இதனை முகில் என்றும் கிளவுட் என்றும் அழைக்கின்றனர். பெயர்தான் முகில், பொறிகள் நிற்பதெல்லாம் தரையில். மைக்ரோசாஃப்டு நிறுவனம் 2015ஆம் ஆண்டு இந்தியாவில் திறந்த மூன்று நிலையங்களுள் ஒன்று நம் சென்னையில் உள்ளது. ஏனைய இரண்டும் புணேயிலும் மும்பையிலும். அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாதிலும், கூகிள் 2017இல் மும்பையிலும் 2021இல் தில்லியிலும் நிலையம் அமைத்தன. பொறியை ஏவுதற்கும் அதன் நிலையை வினவுதற்கும் இணையப் பக்கங்கள் உண்டு. எனினும் கட்டளை வரி என்னும் கருந்திரையில் ஒரு தொடரை எழுதிக் கேட்பதே பழகியோர் வழக்கம். இணையம் நலிந்த இடத்திலும் அது விடை தரும்; கேட்ட கேள்வியைச் சேமித்து மறுநாளும் அவ்வாறே கேட்கலாம். எமக்கோ அலைபேசியின் இணைப்பு ஒன்றே துணையாக இருந்தமையால் வேறு வழியும் இல்லை.

அந்நிறுவனம் மாணவர்க்குச் சலுகையாக ஐயாயிரம் ரூபாய்க்கு ஈடான தொகையை எம் கணக்கில் வைத்திருந்தது. பொறியின் வாடகை மணிக்கு நாற்பத்தைந்து ரூபாய். கணக்குத் திறப்பதற்கு வங்கி அட்டை ஒன்று வேண்டும் என்றனர். தோழரின் தமக்கையார் தம் அட்டையைத் தந்தார். வந்த நாள் மாலை ஏழு மணிக்குப் பொறியை எழுப்பி, பாடத்தைத் தொடங்கிவைத்தோம். திரையில் வரிகள் ஓடின. எழுத்துப் பிழையின் அளவு சிறிது சிறிதாகக் குறைவதையும் கண்டோம். இரவு கோடை மழை பெய்தது. மின்சாரம் நின்றது, இணைப்பும் அற்றது. பொறி எங்கோ நிற்பது, நம் வீட்டு மின்சாரம் நின்றால் அதற்கென்ன என்று எண்ணி உறங்கச் சென்றோம்.

மறுநாட் காலையில் கட்டளை வரியில் பொறிகளின் பட்டியலைக் கேட்டோம். எம் பொறியின் பெயர்க்கு நேரே ‘ரன்னிங்’ என்று இருந்தது. மகிழ்ந்தோம். இவ்வாறே ஒன்பது நாளும் காலைதோறும் கேட்டோம். ஒன்பது நாளும் ‘ரன்னிங்’ என்றே விடை வந்தது. நடுவே வரதராசர் கோயிலையும் ஏகாம்பரநாதர் கோயிலையும் கண்டு வந்தோம். பல்லவர் கல்வெட்டைப் பற்றித் தோழரோடு வாதமும் செய்தோம்.

எட்டாம் நாள் மாலை, தோழரின் தந்தையார் தறிக்குழியினின்று எழுந்து வந்து எம் பின்னே நின்றார். நாற்பது ஆண்டாகக் குழித்தறியில் இருப்பவர், சொல் சிக்கனமானவர்.

“என்ன பார்க்கிறீர்கள், தம்பி?”

“பொறி ஓடுகிறதா என்று பார்க்கிறோம், ஐயா.”

“ஓடுகிறதா?”

“ஓடுகிறது, ஐயா.”

“அது சரி. வேலை ஆகிறதா?”

யாம் விழித்தோம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். முன்பொரு முறை அவர் தறியில் பாவு ஏற்றியாகிவிட்டது. சூரத்திலிருந்து வரவேண்டிய ஜரிகை வரவில்லை. பன்னிரண்டு நாள் தறி நின்றது. கூலிக்கு நூல் கொடுத்த முதலாளியின் ஆள் வாரந்தோறும் தெருவில் வந்து எட்டிப் பார்த்து, தறியில் பாவு இருப்பது கண்டு, ‘தறி ஓடுகிறது’ என்று தம் ஏட்டில் குறித்துச் செல்வார். “அவர் எழுதியது பொய்யில்லை, தம்பி. தறி என்னமோ வேலையில்தான் இருந்தது. ஆனால் படைமரத்தைத் தடவிப் பார்த்திருந்தால், ஒரு முழங்கூட ஏறவில்லை என்று தெரிந்திருக்கும்.” படைமரம் என்பது நெய்த துணி சுருட்டப்படும் உருளை. கோலியாத்தின் ஈட்டித் தாங்கிற்கு உவமையாகத் தமிழ் விவிலியத்தில் யாம் சிறு வயது முதல் கேட்டுவந்த சொல். அதனைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

அன்றிரவு யாம் ஏன் பொறியினுள் நுழைந்து பார்க்கவில்லை என்று இப்போதும் வியக்கின்றோம். மறுநாள், அதாவது ஒன்பதாம் நாள், தமக்கையாரின் அலைபேசிக்கு வங்கியினின்று செய்தி வந்தது. ஒன்பது நாள் என்பது இருநூற்றுப் பதினாறு மணி. வாடகை ஒன்பதாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய். சலுகைத் தொகை தீர்ந்து, எஞ்சிய நாலாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய் அவர் கணக்கினின்றும் கழிந்துவிட்டது. நெஞ்சம் பதைக்கப் பொறியினுள் நுழைந்தோம். பாடம் அங்கே இல்லை. நிகழ்ச்சிக் குறிப்பேடு கடைசியாக எழுதப்பட்ட நேரம், முதல் நாள் 16:10 என்று இருந்தது. பிற்பகல் நாலு மணிக்கு யாம் வேலையைத் தொடங்கவே இல்லையே என்று முதலில் குழம்பினோம். பின்னர்த் தெளிந்தோம். இப்பொறிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைக் காட்டுவன. நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. 16:10 எனின் நமக்கு இரவு 9:40. மின்சாரம் நின்ற அந்நேரமே அது! இருநூற்றுப் பதினாறு மணியுள் வேலை நிகழ்ந்தது இரண்டு மணி நாற்பது நிமிடம்.

நிகழ்ந்தது இதுவே. தொலைவிலுள்ள பொறியோடு யாம் கொண்ட இணைப்பு அற்றபோது, அவ்விணைப்பின்கண் தொடங்கிய வேலைக்கு ‘தொடுப்பு விழுந்தது’ என்னும் குறி செல்கின்றது. அக்குறியைப் பெற்ற வேலை, வேறு ஏற்பாடு செய்யப்படாவிடின், அப்பொழுதே மாய்கின்றது. பொறி மாய்வதில்லை, அது வேலையில்லாமல் விழித்திருக்கின்றது, வாடகையும் ஏறுகின்றது.

இலக்கணம் பயில்வார்க்கு இப்பிழை எளிதில் விளங்கும். ‘ரன்னிங்’ என்பது ‘ஓடுகின்றது’ என்னும் பயனிலை. எழுவாய் வெளிப்பட நிற்கவில்லை; அது தோன்றா எழுவாய். எம் ஆவல் காரணமாக அதற்கு எம் பாடமே எழுவாய் என்று கொண்டோம். உண்மையில் எழுவாய் பொறி. நன்னூலை இரண்டாண்டு பாடங்கேட்ட யாம், மூன்றெழுத்துக் கட்டளையின் விடையில் எழுவாயைத் தவறவிட்டது நாணத்தக்கதே.

ஆகவே கேள்வி இரண்டு என்று கொள்க. பொறி எந்நிலையில் உள்ளது என்பது ஒன்று. பணி எந்நிலையில் உள்ளது என்பது மற்றொன்று. முன்னதை வாடகைக்கு விட்டவரிடம் கேட்கவேண்டும். பின்னதைப் பொறியினுள் சென்று கேட்கவேண்டும். ஒன்றன் விடை மற்றதற்கு ஆகாது. இனி வரும் கட்டளைகளை யாம் ஒலிபெயர்த்தே எழுதுகின்றோம். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில் இடுதல் வேண்டும்.

பொறியின் நிலையை அறிய, கூகிள் முகிலில் ‘ஜிகிளவுட் கம்ப்யூட் இன்ஸ்டன்ஸஸ் லிஸ்ட்’ என்பர். பெயர், இருக்கும் மண்டலம், பொறியின் வகை, முகவரி, நிலை என்பன நிரலே வரும். அமேசானில் ‘ஏடபிள்யூஎஸ் ஈசி2 டிஸ்கிரைப்-இன்ஸ்டன்ஸஸ்’. மைக்ரோசாஃப்டின் அஷூரில் ‘ஏஇசட் விஎம் லிஸ்ட்’ என்று எழுதி, உடன் ‘டி’ என்னும் குறியைச் சேர்த்தால்தான் மின்னிலை காட்டப்படும். அக்குறியை மறந்தால் பெயர்கள் வரும், நிலை வாராது.

கட்டளை கற்பது எளிது. விடையாக வரும் சொற்களே வழுக்குநிலம். ‘டெர்மினேட்டட்’ என்னும் சொல்லைக் காண்க. அமேசானில் அதன் பொருள், பொறி ஒழிந்தது, இனி மீளாது என்பதாம். சிறிது நேரம் பட்டியலில் அதன் பெயர் நிழல்போல் நின்று, பின் மறையும். கூகிளிலோ அதே சொல்லின் பொருள், பொறி நிறுத்தப்பட்டுள்ளது, வேண்டுமாயின் மீண்டும் எழுப்பலாம் என்பதாம். ஒரே சொல் ஒரு கடையில் இறப்பையும் அடுத்த கடையில் உறக்கத்தையும் குறிக்கின்றது! திசைச்சொல்லுக்கு நம் ஆசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளோடு இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். அமேசானில் உறக்கத்தைக் குறிப்பது ‘ஸ்டாப்டு’.

அந்த ‘ஸ்டாப்டு’ என்னும் சொல்லோ அஷூரில் வேறொரு குழியைத் தோண்டி வைத்திருக்கின்றது. அங்கே ‘ஸ்டாப்டு’ எனின் பொறி நின்றது, ஆனால் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். ‘டீஅலொகேட்டட்’ என்று வந்தாலன்றிப் பொறியின் வாடகை நிற்காது. வேலை முடிந்ததும் பொறியினுள் இருந்தபடியே அதனை அணைத்துவிட்டு வருவார்க்கு அஷூரில் நேர்வது ‘ஸ்டாப்டு’ நிலையே. கூகிளிலும் அமேசானிலும் அவ்வாறு அணைத்தால் இயல்பாக வாடகை நின்றுவிடும். ஓரிடத்துப் பழக்கத்தை மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்று கெட்டவர் பலர். இன்னுமொன்று: மூன்று இடத்தும், பொறி உறங்கினும் அதன் வட்டு உறங்குவதில்லை. தரவு வைத்திருக்கும் வட்டிற்குச் சிறு வாடகை வந்துகொண்டே இருக்கும்.

வெறும் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். கேட்டதற்குப் பட்டியலில் ஒன்றும் வாராதாயின், ஒன்றும் இல்லை என்று மகிழற்க. அமேசானின் கட்டளை ஒரு வட்டாரத்தை மட்டுமே நோக்கும். மும்பையில் பொறியை ஓடவிட்டு, வர்ஜீனியாவை நோக்கிக் கேட்டால் பட்டியல் வெறிதாகவே வரும். மும்பையில் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். கூகிளின் கட்டளை எல்லா மண்டலங்களையும் நோக்கும். ஆனால் அப்போது தேர்ந்துள்ள ஒரு திட்டத்தின் பொறிகளையே காட்டும். அமேசானில் பொறியின் உடல்நலத்தை ஆராய்ந்து சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதுவும் ‘எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டு’ என்று சொன்னாலன்றி, ஓடும் பொறிகளை மட்டுமே காட்டும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவில் நின்று, அடுத்த தெருவில் தறியே இல்லை என்று சொல்வதை ஒக்கும் இது.

இனிப் பணியின் நிலை. பொறியினுள் நுழைந்தபின் யாம் இப்போது முதலில் இடும் கட்டளை ‘அப்டைம்’. பொறி எத்தனை நாளாக விழித்திருக்கின்றது என்பதோடு, கடந்த ஒன்று, ஐந்து, பதினைந்து நிமிடங்களில் அதன் மீதிருந்த சுமையையும் மூன்று எண்களால் அது கூறும். பதினாறு கருவும் உழைத்தால் அவ்வெண் பதினாறை ஒட்டி நிற்கும். எம் பொறியில் மூன்றும் பூச்சியம். இவ்வொரு வரியை முதல் நாட் காலையில் கண்டிருந்தால் ஒன்பதாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும். அடுத்துப் ‘பிஎஸ்’ என்பது நடந்துகொண்டிருக்கும் பணிகளின் பெயர்களை நிரல்பட உரைப்பது. ‘டாப்’ என்பது அவற்றுள் உழைப்பில் மிக்கது எது என்று சில நொடிக்கு ஒருமுறை மாற்றிக் காட்டுவது.

பணி உயிரோடு இருத்தலும் முன்னேறுதலும் வேறு என்பதை ஈண்டு மறத்தல் ஆகாது. ஒரு பணி பட்டியலில் இருந்துகொண்டே, வாராத கோப்பிற்காகக் காத்துக் கிடத்தலும் கூடும். ஜரிகைக்காகக் காத்த தறிபோல. ஆகவே படைமரத்தைத் தடவவேண்டும். ‘டெயில்’ என்னும் கட்டளை குறிப்பேட்டின் கடைசி வரிகளைக் காட்டும். ‘எஃப்’ குறி சேர்த்தால் புதுவரி எழுத எழுத உடனே காட்டும். ‘எல்எஸ்’ என்பதனோடு ‘எல்’ குறி சேர்த்தால் கோப்புகளின் அளவையும் கடைசியாக எழுதப்பட்ட நேரத்தையும் கூறும். டெசராக்டின் பாடம் இடையிடையே தன் நிலையைச் சேமிப்புக் கோப்பாக எழுதிவைப்பது. அக்கோப்பின் நேரம் நகராதாயின் பாடமும் நகரவில்லை என்க.

முடிந்த பணி எவ்வாறு முடிந்தது என்பதற்கும் விடை உண்டு. ஒவ்வொரு பணியும் சாகும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கின்றது. பூச்சியம் எனின் நலமே முடிந்தது. வேறெந்த எண்ணும் குறை. தேர்வுத் தாளில் பூச்சியத்தை அஞ்சிப் பழகிய நமக்கு இது சற்று விந்தையே. 137 என்னும் எண் வந்தால், பணி தானாக முடியவில்லை, வெளியிலிருந்து கொல்லப்பட்டது என்று பொருள்: கொல்லும் குறியின் எண் 9, அதனொடு 128 கூட்டப்பட்டது. நினைவகம் போதாமையால் பொறியே பணியைக் கொன்றுவிடும்போதும் இவ்வெண் வருவதுண்டு.

இணைப்பு அறினும் பணி அறாதிருக்க இரு வழி உண்டு. ‘நோஹப்’ என்னும் சொல்லை முன்வைத்துத் தொடங்கினால், தொடுப்பு விழுந்த குறியைப் பணி செவிமடுக்காது. ‘டிமக்ஸ்’ என்பது இன்னும் நன்று. பொறியினுள்ளேயே ஓர் அறையைத் திறந்து, அவ்வறையில் பணியை அமர்த்திவிட்டு நாம் வெளியேறலாம். மீண்டும் வந்து கதவைத் திறந்தால் விட்ட இடத்தில் எல்லாம் அவ்வாறே இருக்கும். எந்த ஊரில் மின்சாரம் நின்றால் என்ன?

பலர் ஒரு பெரும்பொறியைப் பகிர்ந்து ஆளும் இடங்களில் முறை வேறு. திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணிப்பொறி தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய மீக்கணிமைத் திட்டத்தின்கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்த அதன் ஆற்றல் 838 டெராஃபிளாப்ஸ். அஃதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகள். அறத்திற்கும் இன்பத்திற்கும் இடையே நாம் ஓதும் சொல் ஒரு பொறிக்குப் பெயராயிருத்தல் கேட்க இனிதாகவே உள்ளது. இத்தகைய பொறியில் யாரும் தாமே சென்று வேலையைத் தொடங்க இயலாது. வேலையை எழுதி வரிசையில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். வரிசையை ஆள்வது ஸ்லர்ம் என்னும் மென்பொருள். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது.

அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பழங்காலத்தின் எச்சமே இவ்வரிசை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐபிஎம் 370 பொறி நிறுவப்பட்டது. அக்காலத்துப் பெரும்பொறிகளிடம் வேலையைத் துளையிட்ட அட்டைகளாகவே கொடுப்பர். அத்துளையட்டையின் மூதாதை பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் தறிக்காக வகுத்தது. பிள்ளையார்பாளையத்து வீட்டில் எம் தலைக்கு நேர்மேலே, விட்டத்தின் அருகே, அதே அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரண்டு முந்தானையில் அன்னப்பட்சி எழுதிக்கொண்டிருந்தன. கீழே நாங்கள் அவற்றின் பேரப்பிள்ளையோடு போராடிக்கொண்டிருந்தோம்.

ஸ்லர்மில் ‘எஸ்பேட்ச்’ என்று வேலையைச் சேர்ப்பர், சேர்த்தவுடன் ஓர் எண் கிடைக்கும், அதனைக் குறித்துக்கொள்ளவேண்டும். ‘எஸ்கியூ’ என்பது வரிசையைக் காட்டும். அதில் ‘பிடி’ எனின் காத்திருக்கின்றது. ‘ஆர்’ எனின் ஓடுகின்றது. ‘சிஜி’ எனின் முடியும் தறுவாயில் உள்ளது. காத்திருப்பதற்குக் காரணமும் கடைசி நிரலில் வரும். ‘ரிசோர்சஸ்’ எனின் நம் முறை வந்துவிட்டது, இடம் ஒழியவில்லை. ‘பிரையாரிட்டி’ எனின் நமக்கு முன்னே வேறு சிலர் உளர். ‘டிபெண்டன்சி’ எனின் நாமே குறித்த வேறொரு வேலை முடியவேண்டும். ‘ஸ்டார்ட்’ என்னும் குறியோடு கேட்டால், எப்போது தொடங்கலாம் என்னும் உத்தேசத்தையும் சொல்லும். உத்தேசமே, உறுதி அன்று. ‘எஸ்இன்ஃபோ’ என்பது பொறிக்கூட்டத்துள் எவை சும்மா இருக்கின்றன, எவை நிறைந்தன, எவை பழுதுற்றன என்பதைக் கூறும்.

புதியவர் அஞ்சுவது, நேற்றுவரை வரிசையில் இருந்த தம் வேலை இன்று காணாமற் போவதே. முடிந்த வேலையை ‘எஸ்கியூ’ சிறிது நேரமே நினைவில் வைத்திருக்கும். இயல்பாக ஐந்து நிமிடம். அதன்பின் ‘எஸ்அக்ட்’ என்னும் கணக்கேட்டைக் கேட்கவேண்டும். ‘கம்ப்ளீட்டட்’, ‘ஃபெயில்டு’, ‘கேன்சல்டு’, குறித்த நேரம் கடந்தமையைச் சொல்லும் ‘டைம்அவுட்’, நினைவகம் போதாமையைச் சொல்லும் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று அது தீர்ப்புரைக்கும். இக்கட்டளைகளை நொடிதோறும் திரும்பத் திரும்ப ஏவுதல் நன்றன்று. வரிசையை ஆளும் பொறிக்கு அது சுமையாகி, எல்லாருடைய வேலையும் தடைப்படும் என்று ஸ்லர்மை இயற்றியோரே எச்சரிக்கின்றனர்.

முகில் நிறுவனங்களும் இத்தகைய வரிசைகளை நடத்துகின்றன. அமேசானின் வரிசையில் ‘ரன்னபிள்’ என்று ஒரு நிலை உண்டு. ‘ஓடத்தக்கது’ என்பது பொருள், ஓடுகின்றது அன்று. தகுதி எல்லாம் இருந்தும் இடம் கிடைக்காமல் நிற்கும் வேலை அந்நிலையிலேயே நாட்கணக்கில் நிற்கவும் கூடும். பட்டப்படிப்பு முடித்த எம் முன்னோர் சிலர் இச்சொல்லைக் கேட்டு, தம்மையே குறிப்பதாக எண்ணி நகைத்தனர்.

எம் கதைக்கு மீள்வோம். தமக்கையார் சினந்திலர், அது எமக்கு இன்னும் துன்பமாயிற்று. அத்தொகையை விடுதி நண்பரிடம் கைம்மாற்றாகப் பெற்று அவர்க்குக் கொடுத்தோம். தனிப்பாடம் கற்பித்து ஈட்டிய பணத்தால் நண்பர்க்குத் திருப்பித் தந்தோம். பதினோராம் நாள், பாடத்தை மீண்டும் தொடங்கலாமா கூடாதா என்று தோழரும் யாமும் நெடுநேரம் வாதிட்டோம். விட்டுவிடுவோம் என்றார் அவர். தறியிலிருந்து குரல் வந்தது: “பாவு ஏற்றிவிட்டு யாராவது விடுவார்களா, தம்பி? இழை அறுந்தால் முடிந்துகொள்ள வேண்டியதுதான்.”

இம்முறை டிமக்ஸ் அறையில் தொடங்கினோம். வாடகைக் கணக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் அறிவிக்கும்படி ஏற்பாடு செய்தோம். காலை, மாலை இருவேளையும் பொறியின் நிலை, சுமை, குறிப்பேட்டின் கடைசி வரி, சேமிப்புக் கோப்பின் நேரம் என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்தோம். இரண்டாம் நாள் மீண்டும் மின்சாரம் நின்றது, பணி நிற்கவில்லை. முப்பத்தொரு மணி நேரத்தில் பாடம் முடிந்து பூச்சியம் வந்தது. வாடகை ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய். தும்பிக்கை ணையும் சுழித்த றாவும் இப்போது பெரும்பாலும் பிழையின்றி வருகின்றன. மை மங்கிய பக்கங்களில் மட்டும் ணகர னகரங்கள் இன்னும் தடுமாறுகின்றன.

பொறியை ஒழித்துவிட்டு எழுந்தபோது ஐயா மீண்டும் பின்னே நின்றார். “தறி காலியா?” என்றார். பட்டியலைக் கேட்டோம், வெறிதாக இருந்தது. வட்டாரத்தைச் சரிபார்த்து மீண்டும் கேட்டோம், அப்போதும் வெறிது. பின் வட்டுகளின் பட்டியலைக் கேட்டோம். ஒழித்த பொறியின் பழைய வட்டு ஒன்று தனியே கிடந்து வாடகை தின்றுகொண்டிருந்தது. அதனையும் நீக்கினோம்.

படித்தெடுத்த பக்கங்கள் இப்போது நம் நூலகக் கணிப்பொறியில் உள்ளன. கட்டுரைப் பெயராலும் எழுதியவர் பெயராலும் தேடலாம். பழந்தொகுதிகளுள் மூன்று எம் கைக்குக் கிட்டவில்லை. வேறு இரண்டில் தமிழ்ப் பகுதியின் இறுதித் தாள்கள் இல்லை. பழைய மாணவர் இல்லங்களில் அவை இருப்பின், நூலகத்தாரிடம் இரவலாகத் தந்து உதவுக. ஒரு வாரத்தில் படம் எடுத்துத் திருப்பித் தருகின்றோம்.